ஏழாவது காலம்

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்துக் குத்தி, தைராய்டு சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கிற இயந்திரம் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. பெரிய ஃபிரிட்ஜ் அளவு இருக்கிறது. அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, ரிப்பன் வெட்டி, எல்லோரும் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். விழா மலர் ஒன்று போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியன் என்ற முறையில் என் பணிக்காலச் சாதனைகளை நான் எழுதித் தர வேண்டுமாம். கேட்டு வந்த பெண் நல்ல பெண்தான். கட்டுரை கேட்க வந்தவள் கையில் பேனா இல்லை, போன்தான் இருந்தது.

“ரெண்டு பக்கம் போதும் மேடம். கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருந்தா நல்லாருக்கும்” என்றாள்.

என்னிடம் சாதனை எதுவும் இல்லை. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன் என்றால், அது அரசாங்கப் படிவத்தில் நான் எழுதிய ஒரு பொய். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் போகட்டும்.

நான் கள்ளக்குறிச்சிக் கடைவீதிப் பெண். பெயர் சுபைதா. அத்தாவுக்குப் பாத்திரக் கடை. மதராஸில் ஒரு வருஷம் லேப் வேலை படித்தேன். அங்கே கற்றுக்கொண்டது மொத்தம் இரண்டு. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது என்று புத்தகத்தில் இருந்தது. வாயால் உறிஞ்சாமல் அரைநாள் வேலைகூட நடக்காது என்பது லேபில் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, முக்காடு போட்ட பெண் ஊரார் மூத்திரத்தைச் சோதிப்பதா என்று மூன்று மாதம் பேசினார்கள். நாலாவது மாதம் பேசினவர்களே பாட்டிலை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில், கல்வராயன் மலையில் கழுத்து வீங்கினவர்கள் ஜாஸ்தி, அங்கே மண்ணிலும் உப்பிலும் அயோடின் கம்மி என்று யாரோ மேலே கண்டுபிடித்து ஓர் ஆராய்ச்சித் திட்டம் போட்டார்கள். மலைக்காரர்களுக்கு வீங்கின கழுத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவைப்படவில்லை, கண்ணாடியே போதும். ஆனால் திட்டத்தில் ஒரு நல்ல சங்கதி இருந்தது. மலையில் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகை வீடு பிடித்து ஆபீஸ் ஆக்கி, என்னை அதற்கு அனுப்பினார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் சிகாமணி.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை. பச்சை மை. யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். எதிராளி நீட்டுகிற காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுவார். காகிதம் இல்லாமல் போய் நின்றால் நாம் நிற்பதே அவருக்குத் தெரியாது. ஒரு நாள் அவருடைய மனைவி வந்து ஐந்து நிமிஷம் எதிரில் நின்று பார்த்தார். கடைசியில் என் மேஜையிலிருந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்து நீட்டினார். உடனே “என்ன?” என்றார் டாக்டர். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

வேலையில் மனிதர் படு சுத்தம், அதை மறுக்கமாட்டேன். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, எலும்பில் படும். ஓரத்தில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். இரண்டாவது சொட்டு தானாகத் திரண்டு வந்து, கெட்டியான உறிஞ்சுதாள் அட்டையில் போட்ட வட்டத்தைத் தொட வேண்டும். காலைப் பிழியக் கூடாது. வட்டம் முன்னும் பின்னும் நனைய வேண்டும். நிழலில், எதன்மேலும் படாமல், நாலு மணி நேரம் காய வேண்டும். வெயிலில் வைத்தால் அட்டை குப்பைக்குத்தான். காய்ந்த அட்டையை உறையிலிட்டு, படிவத்தோடு பையில் வைத்து அரக்கு முத்திரை போட்டு, மதராஸ் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அங்கே பெரிய லேபில் சோதித்துச் சொல்வார்கள். இதெல்லாம் இப்போது அந்த ஃபிரிட்ஜ் செய்கிறது.

இந்தச் சொட்டு ரத்தம் எதற்கு என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். ஒரு பழைய படிவத்தின் முதுகில் எழுதி நீட்டிக் கேட்டதால் பதில் சொன்னார். பச்சை மையில் பெரிய வட்டம் போட்டார். அது மூளையில் ஒரு நரம்பு செல். அதற்குள் சின்ன வட்டம். அது செல்லின் உட்கரு. அதற்குள் இழை இழையாக மரபணுக்கள். அந்த இழைமேல் ஒரு புள்ளி வைத்தார். “இது ஏற்பி. மத்த ஹார்மோனுக்கெல்லாம் ஏற்பி பெரும்பாலும் செல்லோட வெளிச்சுவத்துல இருக்கும். தைராய்டுக்கு உள்ள, உட்கருவுல, ஜீன் மேலயே உக்காந்திருக்கு. இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க” என்றார். அன்றைக்கு மட்டும் அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

நான் பாத்திரக் கடைக்காரர் மகள், எனக்குக் கடைப் பாஷையில்தான் விளங்கும். ஏற்பி என்பது ஷட்டர் அருகில் உட்கார்ந்திருக்கும் ஆள். ஹார்மோன் வந்து அவனிடம் சேர்ந்தால்தான் ஷட்டரைத் தூக்குவான். தூக்கினால் உள்ளே மரபணு வேலை தொடங்கும். பிறந்த இடத்திலேயே கிடக்கிற நரம்பு செல் தன் இடத்துக்கு நகர்ந்து போகும், கிளை விடும், பக்கத்து செல்லைத் தொடும், மேலே உறை போட்டுக்கொள்ளும். ஹார்மோன் வராவிட்டால் அவன் சும்மா உட்கார்ந்திருக்கவும் மாட்டான், ஷட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்வான் என்பது பிற்பாடு வந்த சங்கதி. அதை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். இதில் கொடுமை என்னவென்றால் இந்தக் கடைக்கு நேரம் உண்டு. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஹார்மோன் போக வேண்டும். அதற்கப்புறம் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொட்டினாலும், போன மூளை போனதுதான். பாதாம் பருப்பும் வல்லாரையும் கொடுத்தால் மூளை வளரும் என்று இன்றைக்கும் என்னிடம் வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

இவ்வளவு தெரிந்த மனிதரிடம்தான் அந்தப் படிவமும் இருந்தது. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘காலம்’ என்று பெயர். இங்கிலீஷ் காலம். முதல் காலம் பெயர். இரண்டாவது காலம் வயது, நாள் கணக்கில். இப்படியே போய் ஏழாவது காலம் சாதி. “காலம் காலியா இருக்கே” என்பதுதான் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு அதிகம் வருகிற வாக்கியம். சுரப்பி செத்த குழந்தைக்கும் காலம்தான் பிரச்சினை, இவருக்கும் காலம்தான் பிரச்சினை. இரண்டும் வேறு வேறு காலம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

“தைராய்டுக்கு ஜாதி எதுக்கு சார்?” என்று கேட்டேன்.

“புள்ளிவிவரத்துக்கு” என்றார்.

அதிலும் ஒரு விதி வைத்திருந்தார். யார் எந்தச் சாதி சொன்னாலும் வாய்மொழியே போதும், எழுதிக்கொள்ளலாம். ‘மலையாளி’ என்று சொன்னால் மட்டும் சர்டிபிகேட் நகல் வேண்டும். மலையாளி என்பது கல்வராயன் மலைப் பழங்குடியின் பெயர். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மலையில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள்தான். அவர்களிடம்தான் சர்டிபிகேட் இல்லை. கேட்டுப் போனால், உன் அப்பனுடைய சர்டிபிகேட்டைக் கொண்டுவா என்பார்கள். அப்பன் காலத்தில் மலையில் சர்டிபிகேட் கொடுக்க யார் போனார்கள்? ஆக, மலைக்காகப் போட்ட திட்டத்தில், மலைக்காரர்கள்தான் தாங்கள் மலைக்காரர்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்த காலம். டீக்கடையில் சதவீதம், பஸ்ஸில் சதவீதம், முடிவெட்டுகிற இடத்தில் சதவீதம். அந்தச் சமயம் பார்த்து, குழந்தையின் காலைக் குத்தி ரத்தம் எடுத்து, படிவத்தில் சாதியும் எழுதிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ரத்தத்தை வைத்துச் சாதி கண்டுபிடிக்கிறார்கள் என்று மலை முழுக்கப் பேச்சுப் பரவிவிட்டது. ஒரு முகாமில் வடக்கனந்தலிலிருந்து ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“எம்மா, என் ரத்தத்தையும் கொஞ்சம் பாத்து எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல பேப்பர நம்ப மாட்டேன்றாங்க. ரத்தம் பொய் சொல்லாதில்ல?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ரத்தத்தையும் சாதியையும் ஒரே தாளில் சேர்த்து எழுதினது நாங்கள். அவருக்கு அப்படித் தோன்றியதில் என்ன தப்பு?

அந்தச் சமயத்தில்தான் மேலே ஒரு சிற்றூரில் முகாம் போட்டோம். வெள்ளையன் என்பவர் தன் மனைவி காசியம்மாவின் கழுத்து வீக்கத்தைக் காட்ட வந்திருந்தார். அவள் மடியில் துணியில் சுற்றிய பெண் குழந்தை. பிறந்து இருபத்திரண்டு நாள். பக்கத்தில் இன்னொரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. காசியம்மா பெருமையாகச் சொன்னாள்.

“எம் புள்ள அழவே அழாது நர்சம்மா. பசிச்சாக்கூட அழாது. பாட்டுக்குத் தூங்கிக்கினு கெடக்கும். எங்க மாமியா சொல்லுது, இந்த மாதிரி நல்ல புள்ள எங்க வூட்ல இதுவரிக்கும் பொறந்ததே இல்லியாம்.”

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி குழந்தைக்குத் திருஷ்டி கழித்தாள். நான் நர்ஸ் இல்லை என்று அவளைத் திருத்த வாயெடுத்தவள், குழந்தையைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கண்ணில் மஞ்சள் இன்னும் போகவில்லை. நாக்கு வாய்க்குள் அடங்காமல் வெளியே தெரிந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. நல்ல பிள்ளை என்று ஒரு ஊரே கொஞ்சிக்கொண்டிருந்தது. அழுவதற்கான தெம்பே அதனிடம் இல்லை.

ஊசியை எடுத்ததும் வெள்ளையன் குறுக்கே கையை நீட்டினார்.

“வேணாங்க. ரத்தத்த எடுத்து எங்கள இன்னான்னு எழுதப் போறீங்களோ. ரெண்டு வருஷமா சர்டிபிகேட்டுக்கு நடந்துகினு இருக்கேன். இதுல வேற மாதிரி வந்துச்சின்னா அதுவும் போச்சு.”

“வெள்ளையா, இந்த ரத்தத்துல உன் ஜாதி தெரியாது. இந்தப் பொண்ணு நாளைக்கு உன்ன அப்பான்னு கூப்புடுமா, கூப்புடாதா, அதுதான் தெரியும்” என்றேன்.

அவர் தானே உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். குத்தினேன். மற்றக் குழந்தைகள் ஊரைக் கூட்டும். இது கொஞ்ச நேரம் கழித்து, யாரோ சொல்லி ஞாபகம் வந்ததுபோல வாயைத் திறந்து, கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டது.

படிவத்தை நிரப்பும்போது வெள்ளையன் ஏழாவது காலத்தில் விரலை வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்தக் கட்டம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இங்க ஒன்னும் எழுதாதீங்க.”

“ஏன்?”

“மலையாளின்னு நானே சொன்னா செல்லாதாம். வேற பேர எழுதினா அது அப்பிடியே நெலச்சிடும். காலியா உடுங்க. எனக்கு சத்தியம் பண்ணுங்க நர்சம்மா.”

அல்லா மேல் ஆணையாக எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்களிடம், மேலேயே இருக்க வேண்டாம், மலையடிவாரத்தில் இருக்கிற கச்சிராயபாளையத்தில் அணைக்கட்டுப் பக்கம் காசியம்மாவின் அக்கா வீட்டில் போய்த் தங்குங்கள், மருந்து வந்தால் மலையேறி வந்து தேடிக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னேன். சரி என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் அட்டையோடு கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தால் ஊர் ஒரு மாதிரியாக இருந்தது. விடிந்தால் சாலை மறியல். ஒரு பஸ் ஓடாது, எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்குக் கிளம்புகிற மதராஸ் பஸ்தான் கடைசி. அதில் அட்டை போகாவிட்டால் குழந்தையின் மூளை கள்ளக்குறிச்சியில் என் மேஜை டிராயரில் கிடக்கும். நான் நாலேகாலுக்கு டாக்டர் எதிரில் படிவத்தை நீட்டினேன்.

“காலம் காலியா இருக்கே.”

“அப்பா சொல்ல மாட்டேன்றாரு சார். மலையாளின்னு எழுதிடறேன்.”

“சர்டிபிகேட் நகல்?”

“இல்ல சார்.”

“அப்ப எப்படி எழுதுவீங்க? நாளைக்கு மறியல். நாளைக்கழிச்சி எண்ணிக்கை கேட்டு மேலேர்ந்து வருவாங்க. நம்ம ஆபீஸ்லேர்ந்து ஒரு பழங்குடி ஜாஸ்தியாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“கொழந்த சார். இருபத்து மூணு நாள் ஆவுது.”

“அது ரெண்டாவது காலம். அதைத்தான் சரியா நிரப்பியிருக்கீங்களே” என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

செல்லுக்குள் உட்கரு, உட்கருவுக்குள் ஏற்பி என்று எனக்குப் படம் போட்டுக் காட்டின அதே கை. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். சத்தியம் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். வாய்மொழி போதும் என்கிற சாதிகளில் ஏதாவது ஒன்றை எழுத வேண்டும், அவ்வளவுதான். எதை எழுதினாலும் அட்டை பஸ் ஏறியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டாக்டர் சிகாமணியின் சாதியை எழுதினேன். கிண்டலுக்காக எழுதினேன். அந்த மனுஷனைக் கடித்துவிட வேண்டும் என்று இருந்தது, என் கையில் இருந்த பல் அதுதான்.

மறுபடி நீட்டினேன். பச்சைப் பேனா ஏழாவது காலத்தில் நின்றது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாகத் தலை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“மலை மேல நம்ம ஆளுங்க இருக்காங்களா?”

“இருக்காங்க சார்.”

“பரவாயில்லையே” என்று கையெழுத்துப் போட்டார். சந்தோஷமாகவே போட்டார். அரக்கு வைத்து, நான் ஓடிப்போய் பஸ்ஸில் ஏற்றினேன். படிவத்துக்கு மூன்று கார்பன் நகல். ஒன்று மதராஸுக்கு, ஒன்று ஆபீஸுக்கு, ஒன்று குழந்தையின் மருந்துப் புத்தகத்தில் ஒட்ட. கார்பன் பதியும்படி நல்ல அழுத்தமாகத்தான் எழுதியிருந்தேன்.

நாலாம் நாள் தந்தி வந்தது. சுரப்பி வேலை செய்யவில்லை, உடனே மாத்திரை தொடங்கவும் என்று. எல்லாக் காலமும் நிரம்பியிருந்ததால் டாக்டர் ஒரு வார்த்தை பேசாமல் பீரோவைத் திறந்து மாத்திரை கொடுத்தார். ரோடுதான் இல்லை. தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எந்தப் புளியமரம் யாருக்கு வேலை இல்லை என்று சொன்னதோ தெரியவில்லை. ஒரு மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் மறித்தார்கள்.

“எங்க போற? இன்னா ஜாதி நீ?”

“முதல்ல இந்த சைக்கிளத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க. ஒரு கொழந்தைக்கு மருந்து எடுத்துகினு போறேன். ஜாதி அப்பறம் சொல்றேன்.”

தலைப்பாகை கட்டினவர் ஒருவர் எழுந்து, “தூக்குடா” என்றார். சைக்கிளை மட்டும் அல்ல, என்னையும் கை கொடுத்துத் தாண்ட வைத்தார்கள். அடுத்த மரத்துக்கு ஒரு ஆளும் கூட வந்தார். தங்கள் பெயரும் ஒரு காலத்தில் ஏற வேண்டும் என்று கேட்டுத்தான் அவர்களும் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் தப்புத் தெரியவில்லை. மரத்தின்மேல்தான் எனக்குப் பரிதாபம்.

அணைக்கட்டு வீட்டில் இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் மாத்திரைத் துண்டை வைத்து நசுக்கிப் பொடியாக்கி, காசியம்மாவின் பாலையே கொஞ்சம் பீய்ச்சி அதில் குழைத்து, குழந்தையின் வாயில் வைத்தேன். தினம் காலையில் இப்படியே, ஒரு நாள்கூட விடக் கூடாது என்று மூன்று முறை சொல்ல வைத்தேன். பயந்துபோய்ச் சொன்னார்கள். அன்றைக்குக் குழந்தைக்கு இருபத்தேழு நாள்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, காசியம்மா ஆபீஸுக்கே வந்தாள். முகத்தில் தூக்கமே இல்லை.

“இன்னா மருந்து குடுத்தீங்க நர்சம்மா? நல்லாருந்த புள்ள. இப்ப ஓயாம கத்திக்கினே கெடக்குது. வூட்ல ஒருத்தரும் தூங்க முடியல.”

இடுப்பில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு அலறியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பாள்.

குழந்தைக்கு அலமேலு என்று பெயர் வைத்தார்கள். மாதம் ஒரு தடவை மாத்திரைக்கு வருவார்கள். திட்டம் நாலு வருஷத்தில் செத்தது. டாக்டர் சிகாமணி பதவி உயர்வில் போனார். நான் பழைய ஆஸ்பத்திரி லேபுக்கே திரும்பினேன். அலமேலு அங்கே வந்து, சுவரில் ஒட்டியிருப்பதை எல்லாம் சத்தமாகப் படிப்பாள். எச்சில் துப்பாதீர் என்பதில் இருந்த எழுத்துப் பிழையை ஒன்பது வயதில் எனக்குக் காட்டினாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். மலையில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேல் யாரும் இல்லை.

அப்போதுதான் ஒரு நாள் வெள்ளையன் தனியாக லேபுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. கல்லூரியில் சேர்க்கச் சாதிச் சான்று வேண்டும் என்று விண்ணப்பித்தாராம். பழைய ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்களாம். அவர் வீட்டில் இருந்த ஒரே பழைய காகிதம் குழந்தையின் மருந்துப் புத்தகம். பதினேழு வருஷம் பாலித்தீன் பையில் சுற்றி, கரையான் அரிக்காமல் காப்பாற்றி வைத்திருந்தார். அதைப் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஏழாவது காலத்தைப் பார்த்துவிட்டு, நீ மலையாளியே இல்லை, ஏமாற்றுகிறாய் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை எழுதினதே எனக்கு மறந்துபோயிருந்தது. சிகாமணியைக் கடித்ததாக நினைத்து நான் சிரித்துக்கொண்டது நினைவிருந்தது. யாருடைய தாளில் கடித்தேன் என்பது நினைவில்லை. வெள்ளையன் கத்தவில்லை.

“காலியா உடுங்கன்னு சொன்னேனே நர்சம்மா” என்றார். அவ்வளவுதான்.

விசாரணைக்கு நானும் போனேன். படிவத்தில் இருப்பது என் கையெழுத்து, எழுதினது பொய், யாரும் கேட்டு நான் எழுதவில்லை, அந்தக் குடும்பத்துக்குத் தெரியவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். எழுதாதே, அரசாங்கப் பதிவேட்டில் பொய் எழுதினேன் என்று நீயே ஒத்துக்கொண்டால் வேலைக்கே ஆபத்து என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் தடுத்தார்கள். முப்பது வருஷமாக ரத்தத்தைக் குலுக்கினவர்கள், ஒருவருக்கும் அது உடம்பில் ஓடவில்லை. அவர்கள் சொன்னபடியே எட்டாம் நாள் எனக்கு மெமோ வந்தது. இரண்டு வருஷம் சம்பள உயர்வு இல்லாமல் உட்கார வைத்தார்கள். அந்த வேகத்தில் நாலில் ஒரு பங்கு அலமேலுவின் சான்றுக்கு இருந்திருந்தால், அவள் அந்த வருஷமே கல்லூரிக்குப் போயிருப்பாள். சான்று மறு வருஷம்தான் கிடைத்தது, அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று. அது என் கிண்டலால் போனது. வேறு எவனையும் இதில் நான் இழுக்கப் போவதில்லை.

விசாரணை அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார்.

“அன்னிக்கு நீங்க எழுதினது பொய்ன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இன்னிக்கு எழுதறது மட்டும் நெசம்ன்னு நான் எப்பிடி நம்பறது?”

நியாயமான கேள்விதான். வெள்ளையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த அலமேலு இரண்டு அடி முன்னால் வந்தாள். பதினேழு வயசு, தாவணி, கையில் மார்க் ஷீட். பயம் இருந்தது, ஆனாலும் பேசினாள்.

“சார், அன்னிக்கு அவங்க அந்தப் பொய்ய எழுதலன்னா, நீங்க இப்ப கேக்கறது இன்னான்னே எனக்குப் புரிஞ்சிருக்காது சார்.”

எழுத்தர் அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டார்.